புதியதோர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். ஆறு என்பது வழி. படுத்தல் என்பது செலுத்துதல். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் வேறொரு கலைஞனைக் கண்டு, இன்ன வழியிற் செல்க, இன்ன ஊரைக் காண்பாய், இன்ன இடர் உண்டு, இன்னவாறு கடப்பாய் என்று எடுத்துரைப்பதே பெரும்பாலும் இவ்விலக்கிய வகையின் இயல்பு. பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுதல் என்னும் உயர்ந்த அறம் இதன் உயிர். இவ்விலக்கியத்தை ஆண்டுதோறும் வகுப்பறையில் நடத்திவரும் எனக்கு, 2026 சனவரித் திங்களில் புனே நகரில் நடைபெற்ற மிதிவண்டிப் பந்தயத்தைப் பற்றிய செய்திகளைப் படித்தபோது, இதுவும் ஓர் ஆற்றுப்படையன்றோ என்று தோன்றிற்று. அத்தோற்றத்தின் விளைவே இக்கட்டுரை.

சனவரி 19 முதல் 23 வரை, ஒரு குறுந்தொடக்கப் போட்டியும் நான்கு கட்டங்களுமாக, ஏறத்தாழ 437 கி.மீ. தொலைவுக்கு நடந்தது அப்பந்தயம். அனைத்துலக மிதிவண்டி ஒன்றியத்தின் நாட்காட்டியில் இடம்பெற்று, வெளிநாட்டுத் தொழில்முறை வீரர்கள் பலர் கலந்துகொண்ட பல்கட்டச் சாலைப் பந்தயம் அது. புனே செய்ததைச் சென்னை செய்யலாகாதா? செய்யலாம் என்பதே என் கருத்து. ஆனால் எவ்வழியிற் செய்வது என்பதே வினா. பந்தயத்தின் சிறப்பு பரிசுத் தொகையில் இல்லை, வழிவகுப்பில் இருக்கிறது.

நிலமே நடுவர்

பல்கட்டப் பந்தயத்தின் இலக்கணத்தை மாணவர்கள் முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் வீரர் எடுத்துக்கொண்ட நேரம் கூட்டப்படும். எல்லா நாளும் சேர்த்து எவருக்குக் குறைந்த நேரமோ அவரே வெற்றியாளர். ஒரு கட்டத்திலும் முதலாவதாக வராதவர் கூட மொத்தத்தில் வெல்லக்கூடும். நாள்தோறும் வென்றவரும் ஒரே நாளில் மலைமேற் சோர்ந்து அனைத்தையும் இழக்கக்கூடும்.

சமநிலத்தில் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிச் செல்லும் வீரருக்கு, முன்செல்பவர் காற்றைக் கிழித்துத் தருகிறார். அதனாற் பின்செல்பவருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் மிச்சமாகிறது. ஆகவே சமநிலத்தில் எவ்வளவு வலியவரும் கூட்டத்தைவிட்டு எளிதில் தப்ப முடியாது. நூறு பேரும் ஒரே திரளாக வந்து இறுதி 200 மீட்டரில் முடுகி ஓடுவர். மலையேற்றத்திலோ வேகம் குறைகிறது. காற்றின் தடை குறைகிறது. முன்செல்பவர் தரும் நிழலும் பயனற்றுப் போகிறது. அங்கே அவரவர் உடல்வலிமை மட்டுமே பேசும். எனவே வழி வகுப்பவர் சமநிலத்தை மட்டும் தந்தால் ஐந்து நாளும் ஒரே கதை. மலையை மட்டும் தந்தால் முதல் மலையிலேயே கதை முடிந்துவிடும். இறுதி நாள் வரை முடிவு தெரியாமல் இருக்குமாறு நிலங்களை நிறுத்து வைப்பதே வழிவகுப்பின் நுட்பம்.

1903-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில், நாளிதழ் ஒன்றின் விற்பனையைப் பெருக்கும் பொருட்டுத் தொடங்கப்பட்ட தூர் த பிரான்ஸ் பந்தயம் ஆறே கட்டங்களில் 2,428 கி.மீ. ஓடிற்று. 1910-இல் பைரனீசு மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்கள் அதன் வழியிற் சேர்ந்தன. பந்தயத்தின் தன்மையே மாறிற்று. 1989-இல் பாரிசு நகரில் நடந்த இறுதி நாள் இன்றும் பேசப்படுகிறது. அன்று 24.5 கி.மீ. தனிநேரப் போட்டி, அதாவது ஒருவர் பின் ஒருவராக இடைவெளிவிட்டுப் புறப்பட்டு, எவர் துணையுமின்றித் தனித்தே ஓட்டும் போட்டி. லோரன் ஃபினியோன் 50 நொடி முன்னிலையோடு புறப்பட்டார். கிரெக் லெமாண்ட் அந்த 50 நொடியையும் கரைத்து, மூன்று வாரப் பந்தயத்தை 8 நொடியில் வென்றார். வழி வகுத்தவர்கள் வழக்கம்போல் இறுதி நாளை வெற்றி உலாவாக விட்டிருந்தால் அந்த 8 நொடி வரலாற்றில் இடம்பெற்றிராது.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். பந்தயத்திற்கு வழி வகுப்பவருக்கும் இவ்விரண்டே முதற்பொருள். எந்நிலம் என்பதோடு எப்பொழுது என்பதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். நம் நாட்டில் வைகாசி வெயிலில் இதனை நடத்துதல் கொடுமை. ஐப்பசி கார்த்திகையிற் பெருமழை. தை மாதமே தக்கது.

'சென்னையில் மலையில்லையே, பந்தயம் எப்படிச் சுவைக்கும்' என்று நண்பர்கள் கேட்டனர். சென்னையைத் தொடக்கமாகவும் முடிவாகவும் கொண்டு, இடையே தொண்டை நாட்டையும் அதன் அயலையும் சுற்றிவரும் ஐந்து நாள் வழி ஒன்றை ஈண்டு முன்வைக்கிறேன்.

முதல் நாள் நெய்தல். அடையாற்றை அடுத்த திருவான்மியூரிற் புறப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம் கடந்து புதுச்சேரி வரை ஏறத்தாழ 140 கி.மீ. மலை ஒன்றும் இல்லை; ஆயினும் காற்று உண்டு. தெற்கு நோக்கிச் செல்லும் வீரருக்குக் கடல் இடப்புறம். தை மாதத்து வடகிழக்குக் காற்றும், நண்பகலுக்குப் பின் வலுக்கும் கடற்காற்றும் இடப்புறமிருந்தே வீசும். பக்கக் காற்றில் முன்செல்பவரின் நிழல் நேர் பின்னே விழாது, சாய்ந்து விழும். ஆகவே வீரர்கள் சாலையின் குறுக்கே சாய்வு வரிசையாக அணிவகுப்பர். சாலையின் அகலத்திற்குள் பதினைந்து இருபது பேருக்கே இடம் கிடைக்கும். இடம் கிடைக்காதவர் ஓரத்தில் தனித்துத் தவித்துப் பின்தங்குவர். மலையின்றியே திரள் சிதறும். சவுக்குத் தோப்புகள் காற்றை மறைக்கும் இடங்களில் அமைதி. தோப்பு முடிந்து மரக்காணத்து உப்பளங்கள் விரியும் வெளியிற் போர். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் இக்காற்று முழு வலுவோடு கிட்டாது. பதினொன்றரை மணிக்குப் புறப்பட்டால் வீரர்கள் உப்பளத்தை அடையும்போது பிற்பகல் இரண்டு மணி. காற்றும் வந்து சேர்ந்திருக்கும். பொழுதைத் தேர்வதும் வழிவகுப்பே என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாம் நாள் புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை. ஏறத்தாழ 105 கி.மீ. ஏரியும் வயலும் மருதமாக விரிய, செஞ்சிக்குப் பின் மேடு பள்ளமும் குன்றுகளும் முல்லையாக எழும். சிறுபாணாற்றுப்படை ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லப் பாணனுக்குக் காட்டும் வழி, நெய்தல் நிலத்து எயிற்பட்டினம், முல்லை நிலத்து வேலூர், மருத நிலத்து ஆமூர் எனச் சென்று கிடங்கிலை அடைகிறது. அக்கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. நிலம் மாறி மாறி வரும் வழியே சுவையுடைய வழி என்பதை அப்புலவர் முன்பே அறிந்திருந்தார். முதல் நாளிற் பின்தங்கியவர் துணிந்து முன்னே தப்பியோடிப் பார்க்கத் தக்க கட்டம் இது.

மூன்றாம் நாள் குறிஞ்சி. திருவண்ணாமலையிலிருந்து செங்கம், சிங்காரப்பேட்டை, திருப்பத்தூர் வழியாக ஏலகிரி மலைமேல் முடிவு, 120 கி.மீ. அளவு. செங்கம் என்பது மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா. மலைவழியின் இடர்களை ஒன்றுவிடாமல் எடுத்துச்சொல்லி எச்சரிக்கும் நூல் அது. ஏலகிரிச் சாலையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்களின் பெயர்களும் வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பட்டுள்ளன. உலகின் எந்தப் பந்தயத்திலாவது வீரர் ஒருவர் கபிலரிடம் முந்தி, பாரியிடம் பிந்தினார் என்று வருணனையாளர் சொல்ல வாய்ப்புண்டா? எழுபது வளைவு கொண்ட கொல்லிமலை இருக்க ஏலகிரியைத் தேர்ந்தது ஏன் என்று கேட்கலாம். கொல்லிமலை ஒரே நாளில் பந்தயத்தை முடித்துவிடும். ஏலகிரி காயப்படுத்தும், கொல்லாது. நமக்கு வேண்டியது அதுவே.

நான்காம் நாள் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு வழியாகக் காஞ்சிபுரம்; ஏறத்தாழ 140 கி.மீ. ஆண்டின் பெரும்பகுதி நீரற்றுக் கிடக்கும் பாலாற்றின் ஓரம் இது. முல்லையும் குறிஞ்சியும் வளம் திரிந்து பாலையாகும் என்ற பழைய கருத்தை அந்த மணற்பரப்பில் எவரும் கண்ணாற் காணலாம். விரைவோட்டக்காரர்களுக்கு உரிய நாள். கனரக வண்டிகள் ஓயாத நெடுஞ்சாலையைத் தவிர்த்து, கூடியவரை ஊர்களின் ஊடே செல்லும் பழைய சாலைகளிலேயே வழி அமைய வேண்டும். ஊரார் காணாத பந்தயம் எவருக்காக?

ஐந்தாம் நாள் சென்னை

இறுதி நாள் நம் நகரின் நடுவே, 20 கி.மீ. அளவில் தனிநேரப் போட்டி. உழைப்பாளர் சிலை அருகே புறப்பாடு. காமராசர் சாலையின் நேர்வழியில் முழுவேகம். கலங்கரை விளக்கம், சாந்தோம் கடந்து, திரு.வி.க. பாலத்தில் அடையாற்றைத் தாண்டும்போது கழிமுகக் காற்று. சர்தார் பட்டேல் சாலையின் மரநிழல். கிண்டி, சைதாப்பேட்டை வழியாகத் தியாகராய நகர். சர் முகமது உசுமான் அவர்களின் பெயர் தாங்கிய சாலை. அங்கிருந்து வெங்கடநாராயணா சாலை, நந்தனம். பின்னர் மயிலாப்பூரின் இராதாகிருஷ்ணன் சாலை வழியே மீண்டும் கடற்கரை, காந்தி சிலை முன் முடிவு. மெட்ரோ, மேம்பாலப் பணிகள் நடைபெறும் இடங்களில் அவை முடிந்த பின்னரே இவ்வழி கைகூடும்.

சென்னைக்கு மலையில்லை, பாலங்களும் மேம்பாலங்களும் உண்டு. நூறு மீட்டர் ஏற்றமும் தனித்து ஓட்டுபவரின் தாளத்தைக் குலைக்கும். ஏற்றத்தில் வலிமையைச் செலவிடுவதா, இறக்கத்திற்குச் சேமிப்பதா என்னும் கணக்கு ஒவ்வொரு பாலத்திலும் எழும். முன்னிலை பெற்றவர் கடைசியாகப் புறப்படுவார் என்பதால், வெற்றியாளர் யார் என்பது கடைசி வீரர் காந்தி சிலையைத் தொடும் வரை எவருக்கும் தெரியாது.

இதனால் நகரம் முடங்காதா என்பது நியாயமான வினா. கணக்கிட்டுப் பார்ப்போம். 120 வீரர்கள் ஒரு நிமிட இடைவெளியிற் புறப்பட்டால் இரண்டு மணி நேரம். கடைசி வீரர் ஓடி முடிக்க மேலும் அரை மணி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்கு முடிவு. தியாகராய நகர்க் கடைகள் திறக்குமுன் சாலை அவர்களுக்கே திரும்பிவிடும். அவசர ஊர்திக்கு வழிவிடும் குறுக்குச் சந்திகளை முன்னரே குறித்து வைத்தல் இன்றியமையாதது.

2024 ஆகத்து 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் தீவுத்திடலைச் சுற்றி இரவுநேரக் கார்ப் பந்தயம் 3.5 கி.மீ. தடத்தில் நடந்ததை அறிவோம். அதனைக் காண அனுமதிச்சீட்டு வேண்டும். மிதிவண்டிப் பந்தயம் அவ்வாறன்று. மயிலையின் நான்கு மாடவீதிகளில் தேர் வருவதும், நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்குச் சந்தனக்கூடு வருவதும் எங்ஙனமோ அங்ஙனம் அது மக்கள் இருக்கும் இடத்திற்கு வருகிறது. வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்த பாட்டிக்கும் அது உரியது.

என் தந்தையாரின் வழி

இனி நான் சொல்ல வந்த முதன்மையான செய்திக்கு வருகிறேன். என் தந்தையார் மீர்சாகிப்பேட்டையிலிருந்து தியாகராய நகர்க் கடைகளுக்கு மிதிவண்டியில் துணி மூட்டை கொண்டுசென்று கொடுத்துவந்தார். முப்பது ஆண்டுகள் அதுவே அவர் பந்தயம். நாள்தோறும் ஒரு கட்டம். பள்ளி விடுமுறையில் என்னை முன்கம்பியில் அமர்த்திக்கொண்டு செல்வார். பாலம் வந்தால் இறங்கித் தள்ளுவார். வடிகால் மூடி எங்கே இருக்கிறது, எந்தத் திருப்பத்திற் பேருந்து ஒடித்து வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 'ரோட்டைப் பார்க்காதே, ரோட்டின் ஓரத்தைப் பார். நமக்கு உள்ளது அதுதான்' என்பார் அத்தா. அன்று அதனை அறிவுரையாகக் கேட்டேன். இன்று எண்ணும்போது அது ஒரு முறையீடு என்று தெரிகிறது.

பந்தயத்திற்கு வழி வகுப்பவர்கள் சாலையை எவ்வாறு சோதிப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பந்தய வண்டியின் சக்கரம் ஏறத்தாழ 28 மி.மீ. அகலமே உடையது. ஓட்டத்தின் திசையிலேயே கம்பிகள் அமைந்த வடிகால் மூடி அச்சக்கரத்தை விழுங்கிவிடும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போடுவதால் பள்ளமாகிப்போன ஆள்நுழைவு மூடிகள், வண்ணம் பூசாத வேகத்தடைகள், ஓரத்திற் குவிந்த மணல் ஆகிய ஒவ்வொன்றும் வீரனை வீழ்த்தும். ஆகவே அவற்றையெல்லாம் குறித்துச் சீர் செய்த பின்னரே வழி இறுதியாகும். புனேயிலும் பந்தயம் செல்லும் சாலைகள் முன்னதாகச் செப்பனிடப்பட்டன.

வீரனை வீழ்த்தும் அதே மூடிதான் பள்ளிச் சிறுமியையும் வீழ்த்துகிறது. வீரனுக்கு ஆண்டில் ஒரு நாள்; அவளுக்கு நாள்தோறும். இத்தமிழகத்தில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றி, அம்பத்தூர் மிதிவண்டியின் ஊராயிற்று. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். தந்தையோ கணவனோ அழைத்துச் செல்லக் காத்திராமல் தாமே வெளியே சென்றனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மேல்நிலைப் பள்ளி மாணாக்கர்க்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கி வருகிறது. வண்டி கொடுத்தோம், வழி கொடுத்தோமா? சென்னையின் பெருஞ்சாலைகளில் அந்த வண்டியை ஓட்டிவரத் தம் பிள்ளைகளை அனுப்ப அஞ்சும் பெற்றோரை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். நம் கல்லூரியின் மிதிவண்டிக் கொட்டகையிற் பெரும்பகுதி இப்போது இருசக்கர ஊர்திகளுக்கே உரியதாயிற்று.

ஆகவே இப்பந்தயத்தை விரும்பும் நான் ஒரு கட்டுப்பாட்டோடுதான் விரும்புகிறேன். வீரர்களுக்காகச் சீர் செய்யப்படும் ஒவ்வொரு கிலோமீட்டரும் அவர்கள் சென்ற மறுநாள் முதல் அன்றாட மிதிவண்டியாளருக்கு உரிய ஓரப்பாதையாக நிலைக்க வேண்டும். திருவான்மியூர் முதல் சாந்தோம் வரை, கிண்டி முதல் தியாகராய நகர் வரை வண்ணக்கோடு இட்டு, அதில் ஊர்திகள் நிறுத்தப்படாமற் காத்து, அடுத்த ஆண்டு பந்தயம் வரும்போது புதிதாகச் செப்பனிட ஒன்றுமில்லை என்னும் நிலை வர வேண்டும். அந்நிலை வாராதெனில், ஐந்து நாள் விழாவுக்காகப் போட்ட தார் அடுத்த மழையிற் கரையும். நாமும் படம் பிடித்து மகிழ்ந்ததோடு நிற்போம்.

வழி வகுக்கும் குழுவில் அதிகாரிகளும் விளையாட்டு அறிஞர்களும் இருப்பர். அவர்களோடு நாள்தோறும் பால், செய்தித்தாள், துணி, எரிவாயு உருளை சுமந்து மிதிக்கும் தொழிலாளர் சிலரையும் அமர்த்துமாறு வேண்டுகிறேன். எந்த மூடி எங்கே உடைந்திருக்கிறது என்பதை எந்த வரைபடமும் அவர்களைப்போல் சொல்லாது. சமுதாயப் பெரியோர்கள் இக்கோரிக்கையை உரிய இடங்களில் எடுத்துரைத்தல் வேண்டும். மாணவச் செல்வங்கள் தத்தம் தெருவிலிருந்து கல்லூரி வரையுள்ள வழியின் இடர்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும். மலைபடுகடாம் பாடிய புலவர் செய்தது அதுவே.

ஆற்றுப்படை பாடும் கலைஞன் தான் பெற்ற பரிசிலோடு தன்வழியே போயிருக்கலாம். நின்று, எதிர்வந்தவனுக்கு வழி சொன்னான். அகன்ற சாலையைப் பெற்றவர்கள் அதன் ஓரத்தை மட்டுமே பெற்றவர்களுக்கு வழி சொல்லும் நாள், காந்தி சிலை முன் கடைசி வீரர் வந்து சேரும் நாளாக அமையட்டும். என் தந்தையார் இறங்கித் தள்ளிச் சென்ற பாலத்தை அன்று அவருடைய பெயர்த்தி மிதித்தே கடப்பாள்.